இடதுகைக் கத்தரி

அந்த பர்னிச்சர் ஷோரூம் ஒழுங்காக நடந்த காலத்தில் ஒரு முக்காலி வாங்கக்கூட மாடிக்கு ஆள் ஏறியதில்லை. கடை திவாலாகிப் பூட்டி, ‘கத்தரி ஐயா நிலையம்’ என்று போர்டு மாட்டிய பிறகு, உட்கார இடமில்லாமல் ஜனம் படிக்கட்டில் நின்றது. விற்காத சோபாக்கள் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே கிடந்தன. காணிக்கை தாராளமாக வைத்தவர்களுக்கு சோபா. அளவாக வைத்தவர்களுக்கு ஸ்டூல். ‘அப்புறம் தர்றேன்’ என்றவர்களுக்குப் படிக்கட்டு. ஐயா மட்டும் இரட்டைக் கட்டிலின் நடுவே, பூவேலை செய்த தலைமாட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே ‘பாதி விலை’ என்று ஒட்டியிருந்த சீட்டை யாரும் கிழிக்கவில்லை.

ஐயா கண்டுபிடிப்பது புற்றுநோய். ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை, ரிப்போர்ட்டுக்கு அலைச்சல் இல்லை. கொப்பளித்துத் துப்பினால் போதும். கையுறை போட்ட ஒரு பெண் முதலில் ஒரு டம்ளரில் ‘எழுப்பு தீர்த்தம்’ கொடுப்பாள். புதினா வாசனை அடிக்கும்; நாக்கு சுருசுருவென்று அரிக்கும். அரித்தால் சக்தி வேலை செய்கிறது என்று அர்த்தம். நன்றாகக் கொப்பளித்து விழுங்காமல் துப்பினால், அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடித் தட்டில் உறைந்திருக்கும் சிவப்பு ஜெல்லியின் மேல் வைப்பாள். ஐயா பேசத் தொடங்குவார். அவர் பேசி முடிப்பதற்குள் ஜெல்லியில் ஓட்டை விழுந்திருக்கும். ஓட்டை விழுந்தால் உடம்புக்குள் கேன்சர் கத்தரி முழித்துக்கொண்டது என்று பொருள்.

வந்தவர்களில் ஒருவருக்காவது ஓட்டை விழாமல் இருந்ததில்லை. கட்டி என்று வந்தவருக்கும் ஓட்டை, பல்வலி என்று வந்தவருக்கும் ஓட்டை. கரண்ட் பில் கொடுக்க மாடியேறிய பையன்கூட ஓசியில் கொப்பளித்துப் பார்த்து, ஓட்டையோடு அழுதுகொண்டே இறங்கினான். இத்தனை பேருக்கும் ஒரே நோயா என்று யாரும் கேட்கவில்லை. ‘பாருங்க, நாட்டுல கேன்சர் எவ்வளவு பெருகிப்போச்சு’ என்று ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

அடுத்தது வைத்தியம். அதற்கு ‘உறைத் தீர்த்தம்’ என்று வேறு பாட்டில். வாராவாரம் வந்து அதைக் கொப்பளித்தால் கத்தரி உறைக்குள் போய்விடுமாம். கடைசி வாரம் துப்பினால் ஜெல்லி கன்னம்போல வழவழவென்று இருக்கும். கைதட்டல் கூரையைப் பிளக்கும். குணமானவர்கள் நிறையப் பேர் என்றார்கள். எங்கே என்றால் அடுத்த தெருவில் என்றார்கள். அடுத்த தெருவில் போய்க் கேட்டால் அதற்கும் அடுத்த தெரு.

இந்தக் கூட்டத்தில் சோபா வரிசையில் முதலாவதாக உட்கார்ந்திருந்தவர் டெய்லர். ஐயா போட்டிருந்த வெள்ளை அங்கியை அவர்தான் தைத்தார். அந்தப் பெருமை அவரைத் தரையில் கால் பாவவிடாமல் செய்திருந்தது. ஆனால் அவர் அங்கே வந்தது பெருமைக்காக இல்லை, பயத்துக்காக. அவர் மனைவியின் மார்பில் ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்துக் கேன்சர்தான் என்று சொல்லிவிட்டார்கள். சீக்கிரம் பார்த்ததால் எடுத்துவிடலாம், திங்கட்கிழமை ஆபரேஷன் என்றும் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து டெய்லருக்குச் சோறு இறங்கவில்லை. நாளெல்லாம் துணியை வெட்டுகிற மனுஷன், மனைவியை மேஜையில் படுக்கவைத்து வெட்டுவார்கள் என்று நினைத்தாலே இன்ச் டேப்பைக் கீழே போட்டார்.

மனைவி ஒரு பெரிய வீட்டுச்சாமான் கடையில் புகார் மேஜையில் வேலை பார்ப்பவள். ஓடாத மிக்சி, சுத்தாத ஃபேன், சூடாகாத அயர்ன்பாக்ஸ் எல்லாம் அவள் முன்னால்தான் வந்து விழும். கடைப் பையன்கள் ‘புகாரக்கா’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவுக்கும் அதுவே பேராகிவிட்டது. மனைவியின் தங்கைக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் கேன்சர் செல்லை வளர்த்துப் பார்க்கிற உத்தியோகம்.

அக்காவுக்குக் கட்டி வருவதற்கு வெகு முன்பே ஒருநாள் தங்கை தன் வேலையைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து விளக்கியிருந்தாள். புரதத்தை வெட்டுகிற என்சைம் என்று ஒன்று எல்லார் உடம்பிலும் உண்டு. அது ஒரு கத்தரி மாதிரி. சாப்பாடு செரிக்கவும் வேண்டும், காயம் ஆறவும் வேண்டும். கேன்சர் செல்லில் அதே கத்தரி கொஞ்சம் மாறின உருவத்தில் வரும். ஒன்றில் ஒரு துண்டு குறைந்திருக்கும், ஒன்றில் கூடியிருக்கும். சில மாற்றுருவங்கள் பக்கத்துச் சதையின் வேலியை அறுத்து, நோய் பரவ வழிபண்ணிக் கொடுக்கும். சிலது ஒன்றும் செய்யாது. சிலது நமக்கு நல்லதே செய்யும். எது எதை வெட்டுகிறது என்று தேடுவதுதான் அவளுடைய வேலை, இன்னும் பாதிகூடத் தெரியவில்லை என்றாள். டெய்லருக்குக் கத்தரி என்ற சொல்லோடு காது நிறைந்துவிட்டது. “ஓ, இடதுகைக் கத்தரின்னு சொல்லு. வலதுகைக்காரன் எடுத்தா துணியைக் கடிச்சுக் குதறிடும்,” என்றார். அப்படி இல்லை மாமா என்று அவள் சொல்ல வாயெடுத்தபோது, அவர் மாவட்டம் முழுக்கச் சொல்லித் திரிகிற உற்சாகத்தில் கைகழுவப் போய்விட்டார்.

ஆகவே ஐயா கட்டிலில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடி, “உன் சம்சாரம் உடம்புக்குள்ள முழிச்சிருக்கிறது இடதுகைக் கத்தரி” என்று சொன்னபோது டெய்லருக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாம் நினைத்ததையே சொல்கிறாரே, ஞானி என்றால் இவரல்லவா ஞானி. தன் கருத்தையே ஒரு பெரிய மனிதர் சொல்லும்போது வருகிற பூரிப்பு இருக்கிறதே, அதைவிட நல்ல மயக்க மருந்து எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

ஐயா அத்தோடு நிறுத்தவில்லை. கத்தரி முழித்திருக்கும்போது டாக்டர் கத்தி பட்டால் இரும்புக்கு இரும்பு கோபம் வந்து உடம்பெல்லாம் பரவிவிடும், உறை போட்ட பிறகுதான் எதுவானாலும் என்றார். டெய்லர் அன்று வீட்டுக்கு வந்து ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம் என்றார். தங்கை கத்தினாள். கத்தி பட்டால் பரவும் என்பது வெறும் பயமுறுத்தல், தள்ளிப்போட்டால்தான் பரவும் என்றாள். “நீ சொன்ன அதே கத்தரியைத்தான் அவரும் சொல்றார். உனக்கு மட்டும்தான் தெரியணுமா?” என்று டெய்லர் கேட்டார். தன் படிப்பிலிருந்தே சொல்லைத் திருடி அடித்தால் தங்கைதான் என்ன செய்வாள்.

புகாரக்கா இருவரையும் பார்த்தாள். அவளுக்கும் பயம்தான், வெளியில் காட்டவில்லை. கணவனின் கண் ஓரம் சிவந்திருந்ததைக் கவனித்தாள். இந்த ஆளை வாதாடி ஜெயித்தால் திங்கட்கிழமை தன்னோடு ஆஸ்பத்திரிக்கு வருவார், ஆனால் ஏதாவது ஒன்று என்றால் ஆயுசுக்கும் ‘கத்தி பட்டதால்தான்’ என்று தன்னையே தின்றுகொண்டிருப்பார் என்று நினைத்தாள்.

“சரி, வர்றேன். எந்தச் சாமானையும் ஓட்டிப் பார்க்காம நான் திருப்பி அனுப்பினது கிடையாது,” என்றாள்.

சனிக்கிழமை காலை மூவரும் மாடியேறினார்கள். டெய்லரின் மனைவி என்பதால் நேராக சோபா கிடைத்தது. உட்கார்ந்தபோது பிளாஸ்டிக் உறை கிறீச்சிட்டது. கையுறைக்காரி எழுப்பு தீர்த்தத்தை நீட்டினாள். புகாரக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு: கொப்பளிக்க ஆகாது. பல் தேய்த்துவிட்டுக் கொப்பளித்தாலே குமட்டி ஓங்கரிப்பாள். வீட்டில் இது பழைய கேலி. இங்கே இத்தனை பேர் நடுவில் ஓங்கரிப்பானேன் என்று, டம்ளரை வாயருகே கொண்டுபோகிற மாதிரி பாவனை செய்து, சோபாவுக்குப் பின்னாலிருந்த பிளாஸ்டிக் பூந்தொட்டியில் ஊற்றிவிட்டாள். பிறகு சமர்த்தாகத் தன் எச்சிலை மட்டும் கிண்ணத்தில் துப்பினாள்.

சொட்டு ஜெல்லியில் விழுந்தது. ஐயா பேசினார். இடதுகைக் கத்தரியின் பிறப்பு, வளர்ப்பு, வஞ்சகம் எல்லாம் பேசினார். பேசி முடித்துக் கண்ணைத் திறந்தார். கையுறைக்காரி தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். திருப்பிச் சாய்த்தாள். ஜெல்லி முழுசாக இருந்தது.

ஐயா இன்னொரு சுற்றுப் பேசினார். கத்தரியின் தாத்தா வரைக்கும் போய்விட்டு வந்தார். ஓட்டை விழவில்லை.

டெய்லர் எழுந்துவிட்டார். அவர் கண்ணில் தண்ணீர். “ஓட்டை இல்லீங்க. அப்போ இவளுக்கு ஒண்ணுமே இல்லையா ஐயா? ஆஸ்பத்திரிக்காரங்கதான் தப்பாச் சொல்லிட்டாங்களா?” என்று கேட்டார்.

பாவம், ஐயா இதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொன்னால் ஒரு வாடிக்கை போச்சு. உண்டு என்று சொன்னால் ஜெல்லி போச்சு. “கத்தரி பயந்து ஒளிஞ்சுக்கிச்சு. அம்மா சரியாக் கொப்பளிக்கலை. இன்னொரு டம்ளர் கொடு,” என்றார்.

“சரியா என்ன, நான் கொப்பளிக்கவே இல்லீங்க. எனக்குக் குமட்டும். அந்தத் தொட்டியில ஊத்திட்டேன்,” என்றாள் புகாரக்கா.

கூட்டம் தொட்டியைப் பார்த்தது. ஐயா முகத்தில் சிரிப்புத் திரும்பியது. அதுதானே பார்த்தேன், தீர்த்தம் படாமல் கத்தரி எப்படி எழும் என்றார். ஸ்டூல் வரிசை முழுக்கத் தலையாட்டியது. தலையாட்டுவதற்குத் தனியாகக் காணிக்கை கிடையாது.

புகாரக்கா எழுந்து நின்றாள். வேலை செய்கிற இடத்தில் எப்படி நிற்பாளோ அப்படி, ஒரு கையை மேஜையில் ஊன்றி நின்றாள்.

“ஐயா, எங்க கடையில மிக்சி ஓடலைன்னு கொண்டு வருவாங்க. நாங்க மிக்சியைக் கழட்டுறதுக்கு முன்னாடி பிளக் பாயிண்டைப் பார்ப்போம். வேற ஒண்ணைச் சொருகுவோம். அதுவும் ஓடலைன்னா குத்தம் மிக்சியில இல்லை, பாயிண்ட்டுல. இங்கே ஜெல்லி மேல ரெண்டு சாமான் விழுது. ஒண்ணு எச்சில், இன்னொண்ணு உங்க தண்ணி. எச்சிலை மட்டும் தனியாப் பார்த்தாச்சு, ஓட்டை இல்லை. தண்ணியைத் தனியா யாராவது பார்த்தீங்களா?”

யாரும் பார்க்கவில்லை. இத்தனை நாளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐயா வேண்டாம் என்று கையை உயர்த்துவதற்குள், பல்வலிக்காரர் தீர்த்தக் கூஜாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கேன்சர் என்ற பயத்தில் அவருக்குப் பல்வலி மறந்திருந்தது. இப்போது இரண்டும் சேர்ந்து எரிச்சலாக வந்தது. புகாரக்கா ஒரு கரண்டியில் மொண்டு, யாருடைய எச்சிலும் படாத தீர்த்தத்தைப் புது ஜெல்லியின் மேல் ஒரு சொட்டு விட்டாள். பக்கத்திலேயே குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு.

இந்தத் தடவை ஐயா பேசவில்லை. சோபாக்காரர்களும் ஸ்டூல்காரர்களும் முதன்முறையாகத் தோளோடு தோள் நின்று எட்டிப் பார்த்தார்கள். குழாய்த் தண்ணீர் விழுந்த இடம் அப்படியே இருந்தது. தீர்த்தம் விழுந்த இடம் மெல்லக் குழிந்து, பள்ளமாகி, கண்ணாடி தெரிய ஓட்டை விழுந்தது.

“அடப் பாவமே, தண்ணிக்கே கேன்சர் வந்திருக்கு. அதுக்கு முதல்ல உறை போடுங்க ஐயா,” என்றாள் புகாரக்கா.

படிக்கட்டில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு படி படியாக ஏறி உள்ளே வந்தது.

ஐயா லேசுப்பட்டவரா? ஜனங்களின் நோயைத் தீர்த்தம் தன்மேல் வாங்கிக்கொண்டது, அதன் தியாகத்தைக் கேலி செய்யாதீர்கள் என்றார். ஐயையோ, சோபா வரிசையில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஏமாறுவதற்கு உறுதி எடுத்தவர்களைக் காப்பாற்ற ஒரு ஜெல்லி போதாது. சரி, அப்படியானால் சீல் உடைக்காத புது பாட்டிலில் பார்ப்போம் என்றாள் புகாரக்கா. பாட்டில் தீர்ந்துவிட்டது, இனிமேல்தான் மந்திரித்துக் கலக்க வேண்டும் என்றார் ஐயா.

தங்கை அப்போதுதான் வாயைத் திறந்தாள். ஜெல்லி என்பது எலும்பும் தோலும் காய்ச்சி எடுத்த புரதம். பப்பாளிக்காய்ப் பாலிலும் அன்னாசிப் பழத்திலும் புரதத்தை வெட்டுகிற என்சைம் இருக்கிறது; நாக்கு அரிப்பது அதனால்தான். முற்றின கறி மெத்தென்று வேக ஓட்டலில் போடுகிற பொடியும் அதுதான் என்றாள். பிறகு ஐயாவைப் பார்த்து ஒரு சந்தேகம் கேட்டாள்.

“இடதுகைக் கத்தரின்னு சொல்றீங்களே, அது எந்தப் புத்தகத்துல இருக்கு? நான் இதே வேலையாத்தான் இருக்கேன். உலகத்துல யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்க மாமாவைத் தவிர.”

டெய்லருக்கு முதுகில் ஐஸ் கட்டி வைத்த மாதிரி இருந்தது. எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஷோரூமில் போர்டு மாட்டுவதற்கு முன்னால் இந்த ஆள் மூட்டுவலிக்குக் காந்த வளையல் விற்றுக்கொண்டிருந்தார். அங்கி தைக்க அளவு கொடுக்க வந்தார். அளவெடுக்கும்போது டெய்லர் வாய் சும்மா இருக்காது. மச்சினியின் படிப்பைப் பற்றியும் கேன்சர் கத்தரியைப் பற்றியும், அதிலும் தானே கண்டுபிடித்த இடதுகைக் கத்தரியைப் பற்றியும் தோள் அளவிலிருந்து கணுக்கால் அளவு வரைக்கும் பேசியிருந்தார். ‘அப்படியா, அப்படியா’ என்று அந்த ஆள் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக டெய்லர் காணிக்கை கொடுத்து, சோபாவில் உட்கார்ந்து, தன் உளறலைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அதை நம்பி மனைவியின் உயிரை அடகுவைக்கப் போனார்.

அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனால் கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவர் கட்டில் அருகே போனார்.

“ஐயா, இந்த அங்கியை நான்தான் தைச்சேன். இடது பக்கம் உள்பை ரெண்டு கேட்டீங்க, தண்ணி இறங்காத துணியில. ஒண்ணுக்குப் பட்டன் வெச்சேன். அதைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க.”

ஐயா கட்டிலை விட்டு இறங்கி, தியானத்துக்கு நேரமாகிவிட்டது என்றார். பல்வலிக்காரர் வழியில் நின்றார். அவர் கன்னம் வீங்கியிருந்ததால் பார்க்கப் பயங்கரமாக இருந்தார். டெய்லர் தான் காஜா எடுத்த பட்டனைத் தானே கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு பொட்டலம் வந்தது. மேலே பளிச்சென்று ஒரு வாணலி படம். கீழே ‘கறி மிருதுவாக்கும் பொடி’ என்று கொட்டை எழுத்து. இரண்டாவது பையில் புதினா எசன்ஸ். உறைத் தீர்த்தத்தைப் பல்வலிக்காரர் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்து, “இது பச்சைத் தண்ணி. புதினா மட்டும் போட்டிருக்கான்,” என்றார். ஐயா அந்த ஒரு நிமிஷத்தில் ‘ன்’ ஆகிவிட்டதைக் கவனிக்கவும்.

பின்பக்கம் சாமான் ஏற்றி இறக்கும் லிஃப்ட் ஒன்று இருந்தது. சோபா இறங்க வேண்டிய வழியில் ஐயா இறங்கிப் போனார். கையுறைக்காரி கையுறையைக் கழற்றிப் பூந்தொட்டியில் போட்டுவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, “நானும் ஏமாந்துட்டேங்க” என்றாள். ஸ்டூல் வரிசையிலிருந்து ஒருவர் மெதுவாகத் தங்கையிடம் வந்து, மிச்சமிருக்கிற தண்ணீர் கறிக்காவது ஆகுமா, எடுத்துக்கொண்டு போகலாமா என்று விசாரித்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, ஐயா பேச்சைக் கேட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டு, உறைத் தீர்த்தத்தைக் கொப்பளித்துக்கொண்டிருந்தவர். ஜெல்லி முழுசாகிவிட்டது என்று அன்றைக்குத்தான் சந்தோஷமாக வந்திருந்தார். மடியில் கையைக் கோத்துக்கொண்டு, இப்போ நான் என்ன செய்யட்டும் என்று யாரையோ பார்த்துக் கேட்டார். சிரிப்பு நின்றது. புகாரக்கா அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, ஃபோனை வாங்கி, ஆஸ்பத்திரிக்குத் தானே பேசி மறுபடி நாள் கேட்டாள். கிடைத்தது. முதலில் கிடைத்த நாள் மட்டும் திரும்பக் கிடைக்காது.

திங்கட்கிழமை புகாரக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது, “நான் இல்லாத நேரத்துல யாருக்கும் அளவெடுக்காதீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள். டெய்லர் சிரித்தார், பிறகு வராந்தா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். வேண்டுதல் எதுவும் வைக்கவில்லை. தங்கையின் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார். கட்டியை முழுசாக எடுத்தாயிற்று என்றார்கள். பரவின மாதிரி தெரியவில்லை, ஆனாலும் மருந்தும் பரிசோதனையும் தொடர வேண்டும் என்றார்கள். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. வைத்தியம் நடந்தது.

இப்போது டெய்லர் கடையில் அளவெடுக்கும்போது அதிகம் பேசுவதில்லை. போன வாரம் ஒருவர் கோட்டு தைக்க வந்தார். நாலு தெரு தள்ளி ஒருத்தர் வந்திருக்கிறாராம், காதில் டார்ச் அடித்தே கிட்னிக் கல்லைக் கரைக்கிறாராம், அவர் சொந்தத்திலேயே ஒருவருக்குக் கரைந்துவிட்டதாம். சொந்தக்காரர் எந்தத் தெரு என்று டெய்லர் கேட்டார். அடுத்த தெரு என்றார் வந்தவர்.

“அந்த டார்ச்சுல பாட்டரி இருக்கான்னு பார்த்தாங்களா?” என்று கேட்டுவிட்டு டெய்லர் துணியை வெட்டத் தொடங்கினார்.

ஷோரூம் மறுபடி பூட்டிக் கிடக்கிறது. ஐயா வேறு ஊரில், வேறு அங்கியில், வேறு ஏதாவது கத்தரியோடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஜெல்லி கிடைப்பதும் கஷ்டமில்லை, ஜனம் கிடைப்பதும் கஷ்டமில்லை. ஆகவே யாராவது உங்கள் எச்சிலைக் கேட்டால், அவர் கையிலுள்ள தண்ணீரை முதலில் கேளுங்கள். உறை போட்டு வைக்க வேண்டிய சாமான் உலகத்தில் எத்தனையோ இருக்கிறது. மூளை அதில் சேர்த்தி இல்லை.